ஜபல்பூரைத் தாண்டிப் போனவன்

பிரம்மபுத்திரா நதியில் ஒரு முதலையின் வாய்க்குள் என் வலது கால் முழங்கால் வரைக்கும் போயிருந்தது. இடது காலால் அதன் மூக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். பலசரக்கு வாங்க வந்த ஆறேழு பேர் உளுந்தம்பருப்பை மறந்து என் கடை வாசலில் நின்றார்கள். அந்த நேரத்தில்தான் நெசவாளர் தெருவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "சவுடப்பண்ணே போயிட்டாக" என்றார்.

என் கால் முதலையின் வாயிலேயே நின்றுவிட்டது. அந்தக் கதையை நான் இன்று வரை முடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் மிச்சத்தைக் கேட்டு வரவில்லை.

என் கூட்டாளி சவுடப்பனுக்கு மஞ்சள் காமாலை. பதினைந்து நாள் படுக்கை. வயது நாற்பத்தேழு. முந்தின நாள் மாலை நான் போயிருந்தபோது, "ஊரே கடுகுக் காடு மாதிரி மஞ்சளாத் தெரியுதுலே" என்றான். கடுகுக் காட்டை நீ எங்கே பார்த்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கீழாநெல்லிக் கஷாயம் வந்தது. அவன் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நம் வாசகசாலை நண்பர்கள் அவனைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. "இந்தியா பூராவும் அவருகூடச் சுத்துனது நீங்கதான" என்றார்கள். அந்தப் 'பூராவும்' என்ற ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊரில் நான் அளந்துவிட்டதை எல்லாம் மூட்டை கட்டினால் அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் வரைக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும். இன்று அளப்பதாக இல்லை. பழக்க தோஷத்தில் ஒன்றிரண்டு உள்ளே நுழைந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவர்' என்று எழுதினால் யாரோ ஜில்லா கலெக்டரைப் பற்றி எழுதுவது போலிருக்கிறது. 'அவன்' என்றே எழுதுகிறேன்.

மதராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வராத காலம். எங்கள் இரண்டு பேருக்கும் முப்பதுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. ஒரு நாள் மதுரை ஜங்ஷனுக்குப் போய்விட்டு வந்த சவுடப்பன், கிரகணம் பார்த்தவன் மாதிரி என் கடைக்கு வந்து நின்றான். அங்கே ஒரு வெள்ளைக்காரன் பெரிய பையை இரண்டு வாரில் கோத்து முதுகில் மாட்டியிருந்தானாம். "ரெண்டு கையும் சும்மா இருக்குலே சங்கரா. அந்தாளு நடந்துகிட்டே கடலைய உரிச்சுத் திங்கான்" என்றான். அந்தப் பையின் தையலைப் படிக்க அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போயிருக்கிறான். வெள்ளைக்காரன் பயந்துபோய் ஓட ஆரம்பித்த பிறகுதான் விட்டிருக்கிறான்.

காடாத் துணியில் அதே மாதிரி இரண்டு பை தைத்தான். வாருக்குத் தறிக்கயிற்றைப் பின்னிப் போட்டான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. அப்போது அவன் சொன்னதை நான் ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன். "நான் நெய்யுற சேலையெல்லாம் எங்கெங்கயோ போகுது. நான் மட்டும் குழிக்குள்ள உக்காந்திருக்கேன்." குழித்தறியில் இருபது வருஷம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவன் சொல்கிற சொல் அது. கன்னியாகுமரிக் கடலில் காலை நனைத்துவிட்டு, இமயமலைப் பனியில் காலை வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவானது. எத்தனை மாதமானாலும் சரி. கிடைத்தால் ரயில், கிடைக்காவிட்டால் லாரி, அதுவும் இல்லாவிட்டால் நடை.

அவன் பையில் இரண்டு வேட்டி, ஒரு ஜமுக்காளம், செம்பு, மிளகாய்ப்பொடி, கருப்பட்டி. என் பையில் இருந்த புளியை மட்டும் கரைத்திருந்தால் கங்கை குழம்பாக ஓடியிருக்கும். நாங்கள் பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தபோது டீக்கடையில் ஒருவர், "ரெண்டும் எந்தச் சந்தைக்குப் போகுது?" என்று கேட்டார். சவுடப்பன் நின்று, பணிவாக, "வித்துட்டு வந்து சொல்றோம்ணே" என்றான்.

கன்னியாகுமரியை முடித்துக்கொண்டு மதராஸ், பெசவாடா, நாகபுரி என்று மெதுவாக ஏறினோம். சவுடப்பன் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதனால் பெசவாடா வரைக்கும் அவன்தான் ராஜா. அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் ஊமைகள். நாகபுரிக்கு வடக்கே ஒரு பாசஞ்சர் வண்டியில் அந்தச் சங்கதி நடந்தது. குழித்தறிக்காரன் உட்கார்ந்தபடி தூங்கினால் கால்கள் சும்மா இருக்காது. மிதிப்பலகையை மிதிப்பது போல இடது, வலது, இடது, வலது என்று தானாக ஓடும். எதிர் இருக்கையில் ஒரு மலை உட்கார்ந்திருந்தது. தலைப்பாகை கட்டிய மலை. அந்த மீசையில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். சவுடப்பன் நல்ல தூக்கத்தில் அந்த மலையின் முழங்காலில் முழுசாக ஒரு முழம் நெய்துவிட்டான்.

மலை எழுந்தது. நான் சௌடாம்பிகையிலிருந்து திருச்சுழி திருமேனிநாதர் வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டேன். அந்த மனிதர் ஓங்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு சவுடப்பனின் கால்களையே பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். தன் செருப்பைக் கழற்றிவிட்டு இடது, வலது என்று மிதித்துக் காட்டி, கையால் ஊடையிழை ஓட்டும் நாடாவை வீசுவது போலக் காட்டினார். அவரும் நெசவாளி. சவுடப்பன் விழித்துக்கொண்டான். அதற்கப்புறம் அரை நாள் இரண்டு பேரும் கையாலும் காலாலும் பேசினார்கள். எத்தனை மிதி, என்ன அகலம், பாவு நூலை எப்படி ஓட்டுவது, எல்லாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னல் வழியே எருமைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அவர் எங்களை விடவில்லை. நர்மதைப் பக்கம் இருந்த தன் கிராமத்துக்குக் கூட்டிப்போய் எட்டு நாள் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு காலையில், அவர் எழுந்திருக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு முனகியதைப் பார்த்துச் சவுடப்பன் சிரித்தான். "ஊருக்கு ஊரு பாஷைதான்லே மாறுது. வலிக்கிற இடம் அதே இடுப்புதான்."

அந்த ஊரில்தான் எனக்குக் கேடு வந்தது. கிராமத்துக்குப் பின்புறம் போனால் கரிசல் காடு. வெடித்த பருத்தி. மடியில் துணியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கிற பெண்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து எம்.ரெட்டியபட்டி ரோட்டில் நிற்கிறேன் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பிவிட்டேன். சவுடப்பனுக்கு ஒரே சந்தோஷம். ஒரு கட்டி மண்ணை எடுத்து நசுக்கி முகர்ந்து, "பாத்தியா, நம்ம மண்ணே இம்புட்டுத் தூரம் வந்திருக்கு, நாம வாரதுக்கு என்ன" என்றான். எனக்கோ அந்த மண் வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து சோறு இறங்கவில்லை. அதே கரிசல் அவனை முன்னால் பிடித்துத் தள்ளியது, என்னைப் பின்னால் பிடித்து இழுத்தது.

ஜபல்பூர் வந்தோம். வீட்டுக்குக் கொடுத்திருந்த விலாசம் ஜபல்பூர்த் தபாலாபீஸ். நான் உள்ளே போனேன். எனக்குக் கடிதம் எதுவும் இல்லை. வெளியே வந்து, படியில் உட்கார்ந்திருந்த சவுடப்பனிடம், அப்பாவுக்கு ரொம்ப மோசமாம், கடுதாசி வந்திருக்கிறது என்று சொன்னேன். என் ஆயுளில் நான் சொன்ன பொய்களில் முதலை இல்லாத, யானை இல்லாத, அலங்காரமே இல்லாத பொய் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் என் அப்பா கடையில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருந்திருப்பார்.

அவன் கடிதத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. தன் பையிலிருந்த கருப்பட்டியை எடுத்து என் பையில் போட்டான். "போயிட்டு வா. நான் மெதுவாப் போறேன்" என்றான். "அப்பாவுக்குச் சரியானதும் பின்னாலயே வந்துருறேன்" என்று நான் சொன்னேன். ரயில் நகர்ந்தபோது அவன் பிளாட்பாரத்தில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையும் சும்மா இருக்க, நின்றுகொண்டிருந்தான்.

இரண்டே மாதத்தில் ஊருக்குத் திரும்பினால் அருப்புக்கோட்டை என்ன சொல்லும்? டீக்கடை வழியாக நான் எப்படி நடப்பது? ஆகவே நான் பரளச்சிக்குப் போனேன். அங்கே என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. ஊருக்கு வெளியே அவர்கள் காட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டேன். அக்கா இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, காட்டு வேலை முழுவதும் செய்ய வேண்டும். இரண்டு, வாயைத் திறக்கக் கூடாது. "நீ பேசுனா நாலாவது வார்த்தையில ஊருக்கே தெரிஞ்சுபோகும் இது யாருன்னு" என்றாள். அக்கம் பக்கத்தாரிடம் நான் வடக்கேயிருந்து வந்த மௌன விரதச் சாமியார் என்று சொல்லி வைத்தாள். ஐந்து மாதம். கைலாசத்தில் ஒற்றைக்காலில் நின்ற எந்த ரிஷியும் அந்தத் தவத்தைச் செய்திருக்க மாட்டார். நாக்கு துருப்பிடித்தது. தாடி தொப்புளைத் தொட்டது. வெயிலில் தோல் கறுத்தது. கரிசலில் நடந்து நடந்து குதிகால் பாளம் பாளமாக வெடித்தது.

அந்தக் குதிகாலோடுதான் அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினேன். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இமயமலை வரைக்கும் நடந்த கால் என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்களே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. சவுடப்பன் எங்கே என்று கேட்டவர்களிடம், அவன் இன்னும் சில ஊர்களைப் பார்த்துவிட்டு மெதுவாக வருவான் என்றேன். வாசகசாலையில் கூட்டம் போட்டு, மாலை போட்டு, பேசச் சொன்னார்கள். ஐந்து மாத மௌனம் மடை திறந்தது. பனி தூத்துக்குடி உப்பளம் மாதிரி நறநறவென்று இருக்கும், நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கும் என்று சொன்னேன். இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களில் பலர் அன்று சாயங்காலம் முன் வரிசையில் இருந்தீர்கள்.

சவுடப்பன் வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. எலும்பும் தோலுமாக வந்தான். மறுபடியும் வாசகசாலையில் கூட்டம். நான் எழுந்து ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலி நுனியில் இருந்தேன். அவன் ஒரு சொல் சொன்னால் போதும், என் மானம் குண்டாற்று மணலில் புதைந்துவிடும். செயலாளர்தான் கேட்டார். "பனி எப்படிங்க இருந்துச்சு? இவுக சொன்னாக, உப்பு மாதிரி இருக்கும், நாக்குல வச்சா இனிக்கும்னு. அப்படித்தானா?"

சவுடப்பன் என்னைப் பார்த்தான். நான் ஜபல்பூரோடு திரும்பியது அவனுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"அவுக சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. எனக்குக் குளிர்ல நாக்கு வெளிய வரல. அதனால நக்கிப் பாக்கல" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷம் இந்தத் தேசத்தைக் காலால் அளந்தவன் இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அவன் வாயைத் திறந்தால் என் பொய் உடையும். அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் தப்பித்துவிட்ட மகிழ்ச்சியில் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் உறைத்தது. உறைத்த பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை.

என்னிடம் மட்டும் சொன்னான். அமாவாசைக்குத் தறி ஓடாது. இரண்டு பேரும் காலை வண்டியில் திருச்சுழி போய், சாமி கும்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடந்தே திரும்புவோம். பல மாதம் பேச்சே இல்லாமல் நடப்போம். சில மாதம் ஒன்று சொல்வான், ஒன்றே ஒன்று. பிரம்மபுத்திராவைப் பற்றி, "எதிர்க்கரை தெரியாது. இருக்குன்னு நம்பித்தான் தோணியில ஏறணும்" என்றான். முதலை கிதலை எதுவும் அவன் சொன்னதில் கிடையாது. கட்ச் பக்கம் தாகத்தோடு போனபோது ஒரு பெரியவர் முதலில் தன் ஒட்டகத்துக்குக் காட்டிவிட்டு மிச்சத் தண்ணீரை இவனுக்குக் கொடுத்தாராம். "யோசிச்சுப் பாத்தேன். சரிதான்னு பட்டுச்சு" என்றான். மலையேற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, "மேல போகப் போக எவனும் பேச மாட்டான். மூச்சு பத்தாது. உன்னையக் கூட்டிட்டுப் போயிருந்தா பேசியே செத்திருப்ப" என்றான்.

மறுநாள் இவை எல்லாம் என் கடையில் என் அனுபவமாக அரங்கேறும். தோணி கவிழும். ஒட்டகம் பேசும். இது அவனுக்குத் தெரியாது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அமாவாசையன்று நடந்துகொண்டிருக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாளைக்கு ஒட்டகத்தைக் கொஞ்சம் சின்னதா வச்சுக்க சங்கரா. போன தடவை யானையவிடப் பெருசாயிருச்சு."

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காமாட்சியும் இரண்டு பெண்களும் பாவு சுற்றிய தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. காமாட்சி எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "அண்ணே, அவுக எங்ககிட்ட பெருசா ஒண்ணும் சொன்னதில்ல. நீங்கதான் கூட இருந்தீகன்னு ஊரே சொல்லுது. எங்கெங்க போனாக, என்ன சாப்பிட்டாக, பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றாள்.

என் நாக்கு நுனியில் இந்தியாவே இருந்தது. அந்தப் பெண்களுக்குக் கைலாசத்தையே பெயர்த்துக் கொடுத்திருக்கலாம். அவர்கள் அப்பாவை ஒரு சக்கரவர்த்தியாக யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். அந்தப் பெரிய பெண்ணுக்கு அவன் கண்.

"நான் போகலம்மா" என்றேன். "ஜபல்பூரோட திரும்பிட்டேன். அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. கடுதாசியும் வரல. மிச்சமெல்லாம் அவன் ஒத்தையிலதான் போனான்."

"தெரியும்ணே. கடுதாசி பொய்யின்னு அங்கயே அவுகளுக்குத் தெரியுமாம். முகத்துல வீட்டு நெனப்பு எழுதி ஒட்டியிருந்துச்சும்பாக" என்றாள். பின்னே அவன் ஏன் என்னை அடிக்கவில்லை என்று கேட்பது போல் அவளைப் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. "உங்க கடையில நீங்க சொல்லும்போது சந்துல நின்னு கேட்டுட்டு வருவாக. 'எனக்குச் சொல்லத் தெரியல காமாச்சி. அவன் சொன்னாத்தான் நான் போன மாதிரியே இருக்கு'ம்பாக" என்றாள்.

பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள். அவன் எங்கே படுத்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வடக்கே பல சத்திரங்களில் ஒற்றை ஆளுக்கு அறை கொடுக்க மாட்டார்களாம். தனியாக வருகிறவன் தற்கொலை செய்துகொள்ள வந்தவனோ, திருடனோ என்று சந்தேகமாம். அதனால் சவுடப்பன் ஒவ்வொரு சத்திரத்துப் பேரேட்டிலும் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறான். எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். தமிழிலேயே எழுதுவானாம். முதல் வரியில் சங்கரலிங்கம், அருப்புக்கோட்டை. இரண்டாவது வரியில் சவுடப்பன், அருப்புக்கோட்டை. இன்னொருவன் எங்கே என்று சத்திரக்காரன் கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கற்று வைத்திருந்தான். இந்தி என்றால் என்னவென்றே தெரியாத காமாட்சி அதைச் சுத்தமாகச் சொன்னாள். "தோஸ்து பீச்சே ஆத்தா ஹை." கூட்டாளி பின்னால் வருகிறான். அவன் வீட்டில் சாப்பிட அழைத்திருந்து நான் தாமதமாகப் போகும்போதெல்லாம் அவன் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏதோ வசவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ரூமுக்காகச் சொன்ன பொய்தான?" என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் கேட்டேன்ணே. பொய்யில்லம்பாக. 'அவன் வாரேன்னு சொன்னான்ல'ம்பாக."

அந்தப் பெண்களுக்கு அமாவாசைகளில் அவன் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஒட்டகத்தை ஒட்டகத்தின் அளவிலேயே சொன்னேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். மிச்சத்தை யாரிடம் கேட்பது? எந்த ஆற்றில் குளித்தான், எந்த ஊரில் காய்ச்சலில் கிடந்தான், எந்த வீட்டில் யார் அவனுக்கு ரொட்டி சுட்டுப் போட்டார்கள், பனியில் கால் வைத்தபோது நிஜமாக எப்படி இருந்தது, ஒன்றும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

காமாட்சி அவனுடைய பையை எனக்குத் தர எடுத்து வந்தாள். அது பெண்களுடையது என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று அவன் வைத்துவிட்டுப் போனது வேறு. காசியிலும் கயையிலும் அரித்துவாரத்திலும் துவாரகையிலும், எனக்குப் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ ஊர்களிலும், இந்தி எழுத்துக்களுக்கு நடுவே, அவன் கையெழுத்தில் என் பெயர் இருக்கிறது. கரையான் தின்றிருக்காவிட்டால் இன்னும் இருக்கும். நான் பார்க்காத ஊரில் எல்லாம் அவன் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறான். நான் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

தை பிறந்ததும் புறப்படுகிறேன். கடையை மச்சினன் பார்த்துக்கொள்வான். ஊர் சிரிக்கட்டும், சிரிக்க வேண்டியதுதான். ஒற்றை ஆளுக்கு அறை கிடையாது என்று சத்திரக்காரன் சொல்லும்போது பேரேட்டில் இரண்டு பேர் என்று எழுதுவேன். அவன் பெயர் முதல் வரியில். இன்னொருவன் எங்கே என்று கேட்டால், முன்னாலேயே போய்விட்டான் என்று சொல்வேன். அதற்கு இந்தியில் என்ன சொல்வது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.